பூட்டு எந்தப் பக்கம்?

கர்ர்ரென்று ஒரு ஷட்டர் இறங்குகிறது.

எங்கள் மேனாம்பேடு தெருமுனை மருந்துக்கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறார். எண்ணெய் காணாத ஷட்டர். பட்டை பட்டையாக உரசிக்கொண்டு வந்து கடைசியில் தரையில் 'டங்' என்று உட்காரும். தினமும் கேட்கிற சத்தம்தான். இருந்தும் அந்த 'டங்'குக்குச் சற்று முன்னால் என் இரண்டு கையும் தானாக மேலே போகப் பார்க்கின்றன. கீழே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், பிடி, பிடி என்று.

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் பாய்கிற காலைக் கூட்டத்தைச் சென்ற வாரம் எழுதினேன். அதில் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். கூட்டத்தோடு சேர்த்து எழுதினால் தொலைந்துபோவார். ஏற்கெனவே அவர் வீட்டில் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாகத் தொலைந்திருக்கிறார்.

தெரசாக்கா. இந்த வாரம் அவருக்கு.

பொரி, கடலை, டெக்

எண்பதுகளின் பாதி கடந்திருந்தது. எஸ்டேட்டில் ஒரு பித்தளை ஷெட்டில் வேலை பார்த்தேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள். லேத்திலிருந்து விழுவதை அளந்து நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. நல்லதன் விளிம்பில் நிற்கும் பிசிறை மெல்லிய அரத்தால் சீவி எடுப்பது பெண்களின் வேலை. அந்த மேசையின் ஓரத்து ஸ்டூல் தெரசாக்காவுடையது.

ஐம்பதை ஒட்டிய வயது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி வந்து ரயில் பிடிப்பார். கணவர் இழுப்புக்காரர், வேலைக்குப் போக முடியாதவர். மகன் பாலிடெக்னிக்கில். வீட்டில் அடுப்பெரிந்தது இவருடைய அரத்தால்தான்.

அன்று ஆயுத பூசை. மெஷின்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கலர்த்தாள் ஒட்டி, ஷட்டர் தூண்களில் வாழைக்கன்று கட்டியிருந்தோம். கற்பூரம், சாமந்தி, கட்டிங் ஆயில் மூன்றும் கலந்த அந்த வாசனைக்கு இதுவரை நான் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

முதலாளி ஸ்வீட் பாக்ஸோடு புதுசாக ஒன்றும் ஏற்பாடு செய்திருந்தார். வீடியோ கடையிலிருந்து கலர் டிவியும் டெக்கும். எல்லோருக்கும் இலவசமாகப் படம்.

பிளக் இருந்தது பின்சுவரில். டிவியை அங்கேதான் வைக்க முடிந்தது. ஷட்டரோ மேற்குப் பார்த்தது. மத்தியான வெயில் நேராக உள்ளே வந்து டிவிமேல் உட்கார்ந்துகொண்டது. கதாநாயகன் முகம் விளக்கிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"ஷட்டர இஸ்து உடுப்பா" என்றார் சூப்பர்வைசர் தணிகாசலம்.

கொக்கிக் கம்பியை எடுத்தேன். எனக்கும் படம் பார்க்கிற அவசரம். இழுத்தேன். பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். பொரிப் பொட்டலத்தோடு ஓரமாக நின்றிருந்த தெரசாக்கா நடந்து வந்து வாசற்படியின் நடுவில், ஷட்டருக்கு நேர் கீழே, உட்கார்ந்தார்.

தலைக்கு ஒரு சாண் மேலே இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். மூச்சு வாங்கியது.

"அக்கா, தலை."

"தெரியுது நைனா. நீ கம்பிய கீழ வையி."

அல்லேலூயாக்கா

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அப்போது ஷெட்டில் எழுந்த சிரிப்பு புரியாது.

தெரசாக்கா சினிமாவுக்குப் போக மாட்டார். அந்தக் காலத்து அம்பத்தூரில் அது சாதாரண விஷயமில்லை. சம்பளம் வாங்கினால் தியேட்டர், சண்டை போட்டால் தியேட்டர், பெண் பார்த்துவிட்டு வந்தால் தியேட்டர். மேசையிலிருந்த மற்ற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைத் திங்கட்கிழமை வசனத்தோடு ஓட்டுவார்கள். இவர் அரத்தை மட்டும் ஓட்டுவார்.

காரணத்தை நாங்களே முடிவு செய்திருந்தோம். கழுத்தில் சிலுவை, சினிமா கிடையாது. அப்படியானால் பெந்தெகொஸ்தே சபைதான். லேத் பாபு 'அல்லேலூயாக்கா' என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது.

உண்மையில் அவர் கத்தோலிக்கர். மாதா கோயில் தேர் இழுத்தவர், பொங்கல் சாப்பிடுவார், கற்பூரத்துக்கு விலகி நிற்க மாட்டார். சினிமாவுக்கும் அவர் சாமிக்கும் சம்பந்தமே இல்லை. இதை யாரும் கேட்கவுமில்லை, அவர் திருத்தவுமில்லை. தப்பான காரணம் ஒன்று சும்மா கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், சரியான காரணத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

ஆகவே அவர் ஷட்டரை மறித்து உட்கார்ந்ததும் பாபு சொன்னான்: "அக்கா, நீ ஜெபம் பண்ணு, வேணாங்கல. எங்கள எதுக்கு பரலோகத்துக்கு இஸ்துகினு போற?"

ஷெட்டே சிரித்தது. தெரசாக்காவும் கொஞ்சம் சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

இருட்டு வேண்டும் என்றார்கள்

தணிகாசலம் கோபக்காரர் இல்லை. மேனாம்பேட்டின் பழைய குடும்பம். எஸ்டேட்டுக்காக நிலம் எடுத்தபோது அவர்கள் கழனியும் போனது. எங்கள் ஷெட் நின்றதே அவருடைய அப்பா நெல் விதைத்த இடத்தில் என்பார். கம்ப்ரஸர் இருக்கிற மூலையில் கிணறு இருந்ததாம். சொந்த நிலத்திலேயே சம்பளத்துக்கு நிற்கிறவருக்கு மற்றவர்களை விரட்டுவதில் பெரிய ருசி இருக்காது. அவர் தெரசாக்கா பக்கத்தில் குந்தி, உடம்புக்கு ஆகவில்லையா, காற்று போதவில்லையா என்று கேட்டார். பாதி திறந்து வைக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தெரசாக்கா பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. பாபு டெக்கை நிறுத்த வேண்டியிருந்தது.

சின்ன வயதில் அவர்கள் மலாயாவில் இருந்தார்கள். கித்தாத் தோட்டம். ரப்பரை அவர் கடைசிவரை கித்தா என்றே சொன்னார். தோட்டத்தின் பெயர் சுங்கை என்று தொடங்கும், மீதி நினைவில்லை. ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்திருந்த காலம். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். அப்போது ஒருநாள் தோட்டத்துக் கணக்கர், கிராணி என்பார்கள், கூலிக் குடியிருப்பு லயம் லயமாக வந்து, ரப்பர் ஷீட் காயப்போடுகிற பெரிய கொட்டகையில் சாயங்காலம் ஓசியில் படம் போடுகிறார்கள், எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்களாம். ஆண்கள் முன்னால், பெண்களும் பிள்ளைகளும் பின்னால். வெளிச்சம் இன்னும் போகவில்லை. திரை வெளுப்பாக இருந்தது. இருட்டு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

"எங்கப்பாதான் எயுந்து போயி கதவ சாத்துனாரு. யாரும் அவர சாத்தச் சொல்லல. எல்லாருக்கும் படம் நல்லா தெரியட்டுமேன்னு அவரா போனாரு. வெளியில எவனோ தாப்பா போட்ட சத்தம் கேட்டுது."

நான் கொக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாபு கேட்டான். கேலி இல்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டான்: "இன்னா படங்கா அது?"

"படமே போடல நைனா."

ஜப்பான் சிப்பாய்கள் பெண்களையும் பிள்ளைகளையும் பின்பக்கச் சின்னக் கதவு வழியாக வெளியே விட்டார்கள். ஆண்களை விடவில்லை. லாரிகள் நின்றிருந்தன. வேலைக்குத்தான், சீக்கிரம் திரும்பிவிடுவார்கள் என்று கிராணி சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் அதை நம்பின மாதிரிதான் இருந்தது என்றார் தெரசாக்கா.

சயாம் என்றால்

அவர்கள் போனது சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு. அங்கிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் அறுத்து ஜப்பான் ராணுவம் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒரு பக்கம் கல் உடைத்தார்கள். இன்னொரு பக்கம் அவர்களைவிட அதிகமாக ஆசியக் கூலிகள். அதில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். கூலி என்று பெயர். வெளியே போக முடியாத இடத்தில் கூலிக்கும் கைதிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. மூங்கில் குடிசை, மழை, சேறு, தடி. பிறகு காலரா.

சிப்பாய்களுக்குப் பிற்பாடு கல்லறை கட்டினார்கள். பெயர் வெட்டி, புல் வெட்டி, பூச்செடி வைத்து. நல்லது, செய்ய வேண்டியதுதான். தோட்டத்து முனுசாமிக்கும் அந்தோணிக்கும் பெயர் வெட்ட யாரும் வரவில்லை. குழியோ நெருப்போ, எது வாய்த்ததோ அது.

தெரசாக்காவின் அப்பாவைப் பற்றி வந்த செய்தி ஒன்றே ஒன்று. காலில் ஆறாத புண்ணோடு திரும்பிய அதே தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னாராம்: ஆற்றோரத்து முகாமில் மழைக்கு முன்னால் பார்த்தேன், மழைக்கு அப்புறம் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்து தாயும் மகளும் கப்பலில் மெட்ராஸ் வந்து, உறவைத் தேடி முத்தாபுதுப்பேட்டையில் ஒதுங்கினார்கள். அந்த வீட்டில் சயாம் என்பது ஒரு ஊரின் பெயராக இல்லாமல் போயிற்று. தெரசாக்கா வேலைவிட்டுத் தாமதமாகப் போனால் அவர் அம்மா வாசலிலேயே கேட்பாராம்: "இன்னாடி, சயாமுக்கா போய்ட்ட?" கேட்டுவிட்டுச் சிரிப்பாராம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரசாக்காவுக்கும் தெரியாது. அவரும் சிரிப்பாராம்.

கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய சிலுவை. அதன் காலடியில்தான் தெரசாக்காவின் மெழுகுவர்த்தி. பிற்பாடு ஒருமுறை நானும் கூடப் போனேன். அந்த இடத்தில் மெழுகு உருகி உருகித் தடிமனாகப் படிந்திருந்தது. அத்தனை பேருக்கு வேறு இடம் இல்லை.

வெயிலில் ஒரு படம்

ஷட்டரை மேலே தள்ளியவர் தணிகாசலம். என்னிடம் சொல்லவில்லை, அவரே தள்ளினார்.

டிவியைத் திருப்பப் பார்த்தோம், ஒயர் எட்டவில்லை. பாபு பேக்கிங் அட்டைப்பெட்டியைக் கிழித்து டிவிக்கு ஒரு தொப்பி செய்தான். முன்வரிசைக்கு அரை முகம் தெரிந்தது, பின்வரிசைக்குச் சத்தம் மட்டும். சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று முன்னாலிருந்தவர்கள் திரும்பித் திரும்பிச் சொன்னார்கள். பாட்டு வந்தபோது எல்லோரும் பாடினோம். தெரசாக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, டிவிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி பொரி தின்றார்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஓவர்டைம்

தீபாவளி ஆர்டர் குவிந்தது. ஓவர்டைம் எல்லோருக்கும் கட்டாயம், மாட்டேன் என்றால் கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார்.

எங்கள் ஷெட்டில் ஓவர்டைம் என்றால் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டு. முந்தின வருஷம் சாயங்கால நேரத்தில் பித்தளை களவு போனதிலிருந்து அப்படி. தணிகாசலம் சாவியோடு எதிர் டீக்கடை பெஞ்சில் இருப்பார். டீ நேரத்துக்குத் திறப்பார், முடிந்ததும் திறப்பார். அது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மின்விசிறி சரியாக ஓடவில்லை என்றுதான் புகார் சொல்வோம்.

தெரசாக்கா அதுவரை ஓவர்டைமுக்கே நின்றதில்லை. ஜெபக்கூட்டம் இருக்கும் என்று அதற்கும் நாங்கள் காரணம் வைத்திருந்தோம்.

இந்த முறை நின்றார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் போட்டார். மடியில் தட்டு, கையில் அரம். தணிகாசலம் பூட்டோடு வந்து நின்றார்.

"ஓவர்டைம் பாக்குறேன். பூட்டுக்குள்ள பாக்க மாட்டேன்" என்றார் தெரசாக்கா.

தணிகாசலம் கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். முதலாளிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்றார். போனால் போகட்டும் என்று தெரசாக்கா சொல்லவில்லை. வேலை போனால் மகன் படிப்பு நின்றுவிடும், அது தனக்குத் தெரியும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த சாமானை எடுத்துப் பிசிறு சீவினார்.

மறுநாளும் அங்கேயே. அடுத்த நாள் ஐப்பசி மழை சாய்வாக அடித்தது. உள்ளே வந்து உட்காருங்கள், மழை விடும்வரை பூட்ட மாட்டேன் என்று தணிகாசலம் சத்தியம் செய்தார். தெரசாக்கா ஒரு கோணியை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டார். பித்தளை நனையாமல் தட்டை உள்பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஸ்டூல் கன்னியம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, கோணியின் ஒரு முனையைத் தன் மேல் இழுத்துக்கொண்டாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

டீக்கடையில் யாரோ கேட்டார்களாம்: "இன்னா அண்ணாத்தே, ஒன் கழனியில நாத்து நட்டுக்கினு கீறாங்களா?" தணிகாசலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். பூட்டை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு எங்களோடு உள்ளேயே நின்றார். அன்றைக்கும் பூட்டவில்லை. முதலாளிக்கு ஆள் அனுப்பினார்.

முதலாளி வந்தார்

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ரெயின்கோட்டோடு நின்றார். கெட்டவர் இல்லை. கடன் வாங்கி ஷெட் போட்டவர், பித்தளை விலை ஏறினால் தூக்கம் போகிறவர். வாசலில் வரிசையாக உட்கார்ந்து அரம் போடுகிற பெண்களைப் பார்த்து முதலில் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்து ஷெட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே.

தணிகாசலம் அவரைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகை, கதவு, லாரி. திரும்பி வந்த முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. ஷட்டரை இனி இறக்க வேண்டாம், மடக்குகிற கம்பிக் கேட் போட்டுவிடுகிறேன், காற்று வரும், வெளிச்சம் வரும், ரோடு தெரியும் என்றார்.

பெண்கள் தெரசாக்காவைப் பார்த்தார்கள். ஜெயித்தாயிற்று என்று நானும் நினைத்தேன்.

"பூட்டு எந்தப் பக்கம் சார்?"

முதலாளிக்குப் புரியவில்லை. "வெளிப்பக்கம்தாம்மா. உள்ள இருக்கறவங்க கையில சாவி குடுத்துட்டு எதுக்கும்மா பூட்டு?"

தெரசாக்கா எழுந்து நின்றார். ஒருவருக்குப் பதில் சொல்ல அந்தப் படியிலிருந்து அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"உள்ள கீறவன் கையில சாவி இருந்தா அது ஊடு சார். வெளியில கீறவன் கையில இருந்தா அது இன்னான்னு எனக்குத் தெரியும். எங்கப்பா போனாரு."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். களவு போனால் நான் யாரைக் கேட்பது என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் தெரசாக்காவிடம் பதில் இருந்தது. போகும்போது ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்டுகிறோம் என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். நாங்கள் திருடிகளா என்று கன்னியம்மா கேட்டாள். எனக்கும் அது நல்ல பேரமாகத் தெரியவில்லை, மெல்லச் சொன்னேன்.

"பைய பாக்கட்டும் நைனா" என்றார் என்னிடம். "பைக்கு மூச்சு முட்டாது."

ஆணி

கேட் வந்தது. வெல்டிங்குக்கு ஆள் பிடித்து, கொண்டியை உள்பக்கம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றவர் தணிகாசலம். சாவி மாட்ட ஓர் ஆணி அடித்தார். முதலில் உயரமாக அடித்தார். பிறகு அவரே பிடுங்கி, மேசைப் பெண்களிலேயே குள்ளமானவளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லி, அந்த உயரத்தில் அடித்தார்.

பிற்பாடு என்னை எத்தனையோ மேடைகளில் விடுதலை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய வார்த்தை வரும்போதெல்லாம் அந்த ஆணியின் உயரம் நினைவுக்கு வந்து, அங்கேயே பேச்சை நிறுத்தியிருக்கிறேன்.

முதல் நாள் ஓவர்டைம். கேட்டைச் சாத்தி உள்ளே பூட்டினார்கள். தெரசாக்கா தன் பழைய ஓரத்து ஸ்டூலுக்கே திரும்பியிருந்தார். நடுவில் ஒருமுறை எழுந்து போய்ச் சாவியை எடுத்தார், பூட்டைத் திறந்தார், கேட்டைக் கொஞ்சம் தள்ளி ரோட்டைப் பார்த்தார். மறுபடி பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பாபு போய் அதையே செய்து பார்த்தான்.

வேலை முடிந்தது. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியேறினோம். முதலில் திறந்து காட்டியது தெரசாக்காவின் டிபன் கேரியர். மழை விட்டிருந்தது. ஆவடிப் பக்கம் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு, நாங்கள் மேனாம்பேட்டுப் பக்கம். ஷெட் காலியாகிவிட்டதால் தணிகாசலம் கேட்டுக்கு வெளிப்பக்கச் சங்கிலியைச் சுற்றி, பெல்ட்டிலிருந்து பூட்டை எடுத்தார். மாட்டப் போனவர் நிறுத்தி, தெரசாக்காவைத் திரும்பிப் பார்த்தார். கண்ணால்தான் கேட்டார்.

தெரசாக்கா திரும்பி வந்தார். கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கணைந்த ஷெட்டுக்குள் முகத்தை வைத்துக் கூப்பிட்டார்.

"உள்ள யாராச்சும் கீறீங்களா?"

மேசைக்கு அடியிலும், கம்ப்ரஸர் மூலையிலும், லேத்துகளுக்கு நடுவிலும் போய்த் தேடிவிட்டு வரட்டும் என்று அந்தக் குரலுக்கு அவர் நேரம் கொடுத்தார். பதில் வரவில்லை.

கம்பியை விட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தணிகாசலத்திடம் சொன்னார்.

"யாரும் இல்ல நைனா. பூட்டிக்கோ. நான் வர்றேன்."